தச்சரின் கைத் துரப்பணம்

மேலூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில், ஊராட்சிக் கட்டடத்துக்கெனப் புதிதாகச் செய்த விசுப்பலகை ஆறு திங்கள் முடியுமுன் இரு முனையிலும் பிளந்து கிடக்கக் கண்டோம். மரம் நல்ல வேம்பு. துளையிடாமல் ஆணி அடித்ததே குறை. ஆணி நுழையும்போது மர நார்கள் விலகியாக வேண்டும். பலகையின் முனையில் அவற்றைத் தாங்கிப் பிடிக்க மரம் இல்லாமையால் பிளவு அங்கே தொடங்குகிறது. ஆணியின் பருமனைவிடச் சற்றுச் சிறிய துளையை முதலில் இட்டிருந்தால் பலகை பிழைத்திருக்கும்.

பழைய தச்சர் இதற்குக் கையாண்டது துரப்பணம். தமரூசி என்றும் அதற்குப் பெயர். வயிரம் பாய்ந்த மரத்தில் கடைந்த ஒரு தண்டு. அடியில் இரும்பு அலகு. தலையில் பிடித்து அழுத்த ஒரு சிரட்டை அல்லது மரக் குமிழ். தண்டில் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி, அதன் இரு முனைகளையும் ஒருவர் மாறி மாறி இழுப்பார். மற்றவர் சிரட்டையை அழுத்திப் பிடிப்பார். கயிற்றை வில்லில் பூட்டிக்கொண்டால் ஒருவரே போதும். தண்டு வலமும் இடமுமாகச் சுழல்வதால் அலகின் இரு விளிம்பும் கூராக இருக்கும். திருகு அலகு மரத்தூளைத் தானே மேலே தள்ளும். இத்தட்டை அலகோ சுரண்டுவதோடு சரி. ஆதலின் இடையிடையே வெளியே எடுத்துத் தூளைத் தட்டிவிட வேண்டும்.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. எகிப்தில் ஏறத்தாழ 3,400 ஆண்டுகளுக்கு முற்பட்ட ரெக்மிரே என்ற அமைச்சரின் கல்லறை ஓவியத்திலும் வில் துரப்பணம் பிடித்த தச்சரைக் காணலாம்.

வண்டிப் பட்டறையில் இதன் அருமை நன்கு விளங்கும். சக்கரத்தின் வட்டைத் துண்டுகளை மர முளைகளால் இணைக்கையில் துளை சற்றே கோணினாலும் முளை தளரும். பாரமேற்றிய வண்டி அதை மன்னிக்காது.

மின் துரப்பணம் வேண்டாமென்பது நம் கருத்தன்று. வேலை விரைந்து முடிகிறது, கூலியும் மிஞ்சுகிறது. எனினும், கயிறு இழுத்தவன் எதிரே அமர்ந்து, எவ்வளவு அழுத்துவது, மரத்தின் ஓட்டம் எப்பக்கம் என்பதைப் பார்த்தே தொழில் கற்றான். பள்ளி வயதுச் சிறுவனை அவ்வாறு அமர்த்தியது நன்றென்று சொல்லமாட்டோம். ஆனால் அந்த இடம் இன்று வெறுமையாக உள்ளது. மின் கருவி கையிலிருந்தும், ஆணிக்கு முன் துளை வேண்டுமென்பதை அறியாதார் பலர்.

ஊராட்சி உறுப்பினர்கள் மரச் சாமான்களுக்குப் பணம் கொடுக்குமுன் பலகையின் முனைகளைக் குனிந்து பார்க்கவும். ஆணித் தலையிலிருந்து மயிரிழை போன்ற வெடிப்பு ஓடியிருந்தால் அப்பலகையை மாற்றித் தரச் சொல்லலாம்.