சமர்கந்துக் குன்றில் இறங்கிய சூரியன்

உஸ்பெகிஸ்தானுக்குப் போகும் முஸ்லிம் இளைஞர் குழுக்களின் பயணத் திட்டம் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். தாஷ்கண்டில் இறங்கி, ரயிலில் சமர்கந்து, பிறகு புகாரா. சமர்கந்தில் ரெகிஸ்தான் சதுக்கத்தின் மூன்று மதரஸாக்கள், ஷாஹி ஸிந்தாவின் நீல ஓடு பதித்த அடக்கத்தலங்கள், ஊருக்கு வெளியே இமாம் புகாரி அடங்கியிருக்கும் இடம். சிங்கப்பூரிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வரும் பிள்ளைகள் அங்கே ஸலாம் சொல்லி துஆ கேட்கும்போது கண் கலங்கிவிடுவார்கள். அதற்காகவே அவ்வளவு தூரம் போகலாம்.

அதே ஊரின் வடகிழக்கு ஓரத்தில் ஒரு குன்று இருக்கிறது. அதன் மேல் கண்ணைக் கவரும் குவிமாடம் எதுவும் இல்லை. ஒரு வாசல், அதற்குள் பாறையை வெட்டி இறக்கிய ஆழமான பள்ளம், பள்ளத்தில் வில்லாக வளைந்து இறங்கும் இரண்டு சலவைக்கல் தடங்கள், அவ்வளவுதான். எட்டிப் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு பேருந்துக்குத் திரும்பிவிடலாம். என்னைக் கேட்டால், சமர்கந்தில் ஒரு முழு நண்பகலைச் செலவழிக்க வேண்டிய இடம் அதுதான். ஐந்து வேளை தொழுகிற ஒரு சமுதாயம் சூரியனை எவ்வளவு கூர்ந்து பார்த்தது என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று எனக்குத் தெரியாது.

கடிகாரம் வருவதற்கு முன் தொழுகை நேரத்தை நிழல்தான் சொன்னது. சூரியன் உச்சியைத் தாண்டியதும் லுஹர் நேரம் தொடங்கும். அஸர் எப்போது என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. ஒரு கோலை நட்டு வைத்தால் நண்பகலில் ஒரு நிழல் விழும். அந்த நிழலோடு கோலின் உயரத்தைக் கூட்டிய அளவுக்கு நிழல் நீளும்போது அஸர் வந்துவிடும் என்பது ஷாஃபிஈ மத்ஹபு. கோலின் உயரத்தைப் போல் இரண்டு மடங்கு கூட்ட வேண்டும் என்பது ஹனஃபி மத்ஹபில் பரவலாகப் பின்பற்றப்படும் கருத்து. மலாய் முஸ்லிம்களும் தமிழகக் கடற்கரையூர் முஸ்லிம்கள் பலரும் ஷாஃபிஈகள், உஸ்பெகியர்கள் ஹனஃபிகள். ஆகவே கோடையில் அங்கே போகும் ஒரு குழு, தன் பழக்கப்படி அஸர் வந்துவிட்டது என்று எழுந்தால், பாங்கு கேட்க இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கும். கோலின் ஓர் உயரம் கூடுவதற்குள் வானத்தில் அவ்வளவு பொழுது கழிந்துவிடுகிறது.

அந்த நண்பகல் நிழலும் நாளுக்கு நாள், ஊருக்கு ஊர் மாறும். ஒரு மீட்டர் கோலுக்கு ஜூன் மாதச் சமர்கந்தில் நண்பகல் நிழல் 30 செ.மீ.க்கும் குறைவு, டிசம்பரில் ஏறக்குறைய 2 மீட்டர். தென்தமிழகத்தில் ஆண்டுக்கு இரண்டு நாள் நிழலே விழாது. ஊருக்கு ஊர் மாறுவது பூமி உருண்டை என்பதால். நாளுக்கு நாள் மாறுவதற்கு அடிப்படை ஒன்றுதான்: பூமியின் அச்சு சாய்ந்திருக்கிறது. அந்தச் சாய்வு எவ்வளவு என்பதோடு ஊரின் அட்சரேகையும் தெரிந்தால், எந்த ஊருக்கும் எந்த நாளுக்கும் நேர அட்டவணை போட்டுவிடலாம். டமாஸ்கஸின் உமையா பள்ளிவாசலில் நேரம் கணிப்பதற்கென்றே ஆள் இருந்தார். பதினான்காம் நூற்றாண்டில் அந்தப் பொறுப்பில் இருந்த இப்னு ஷாத்திர் அக்காலத்தின் பெரிய வானியலாளர்களில் ஒருவர்.

ஆனால் நிழலை நுட்பமாக அளப்பது எளிதல்ல. சூரியன் புள்ளியல்ல, வட்டு. அரைப் பாகை அகலம் உள்ள வட்டு. அதனால் எந்த நிழலுக்கும் கூர்மையான முனை கிடையாது; ஓரம் மங்கித்தான் இருக்கும். கோலை உயர்த்தினால் நிழல் நீளும், மங்கலும் கூடும். இதற்கு ஒரு மாற்று வழி கண்டவர் வானியலாளர் அல்-குஜந்தீ. இன்றைய தெஹ்ரான் அருகே ரய் நகரில், 994ஆம் ஆண்டு, இருட்டான ஒரு கட்டடம் எழுப்பி அதன் மேற்பகுதியில் ஒரு சிறு துளை வைத்தார். நண்பகலில் துளை வழியே வரும் ஒளி, கீழே வளைந்த அளவுகோலின் மேல் வட்டமாக விழும். நிழலின் முனையைத் தேடி அலைய வேண்டாம். ஒளிவட்டத்தின் நடுவைக் கண்டால் போதும். அளவுகோலின் ஆரம் ஏறக்குறைய 20 மீட்டர்.

இந்தியர்கள் சாய்வை 24 பாகை என்றார்கள். கிரேக்க வானியலாளர் தாலமி 23 பாகை 51 கலை என்றார். ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு கலை, கலையின் அறுபதில் ஒரு பங்கு விகலை. குஜந்தீக்குக் கிடைத்தது 23 பாகை 32 கலையும் சில விகலைகளும். அப்படியானால் சாய்வு காலப்போக்கில் குறைந்துகொண்டே வருகிறது என்றார் அவர். அவர் காலத்து அறிஞர் அல்-பிரூனி இதை ஏற்கவில்லை. கட்டடத்தின் பாரத்தில் துளை ஒரு சாண் அளவு கீழே இறங்கிவிட்டது, பிழை அங்கேதான் என்று எழுதிவைத்தார். இன்று கணக்கிட்டுப் பார்த்தால் இரண்டு பேர் சொன்னதும் சரி. சாய்வு உண்மையாகவே நூறு ஆண்டுக்கு 47 விகலை வீதம் குறைகிறது. அதே சமயம் குஜந்தீயின் அளவும் உண்மையைவிட ஏறக்குறைய 2 கலை குறைவாகத்தான் இருந்தது. ஒருவர் துணிந்து ஒரு முடிவைச் சொல்ல, மற்றவர் கருவியையே விசாரணைக்கு இழுக்கிறார்! இந்த இரண்டு மனிதர்களையும் நம் பிள்ளைகள் பெயர் சொல்லி அறிந்திருக்க வேண்டும் என்று நான் மனமார விரும்புகிறேன்.

கட்டடம் இறங்கும் என்றால் என்ன செய்வது? நானூறு ஆண்டு கழித்துச் சமர்கந்து அதற்கு விடை கண்டது: பாறையில் வெட்டு.

தைமூரின் பேரன் உலுக் பேக் (1394-1449) இளம் வயதிலேயே அந்த நகரின் ஆட்சிக்கு வந்தவர். ரெகிஸ்தானில் அவர் கட்டிய மதரஸா 1420இல் முடிந்தது. அதே பத்தாண்டில், முதலில் சொன்ன அந்தக் குன்றின் மேல் வானாய்வுக்கூடம் எழுந்தது. மூன்றடுக்கு வட்டக் கட்டடம். அதன் நடுவே, சரியாகத் தெற்கு வடக்காக, ஏறக்குறைய 40 மீட்டர் ஆரம் கொண்ட பெரும் வில். வில்லின் கீழ்ப்பகுதி பாறைக்குள் இறங்கியது.

40 மீட்டர் ஆரத்தில் ஒரு பாகை என்பது 70 செ.மீ. நீளம். ஒரு கலை 11 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். தளத்தில் விழும் சூரிய வட்டத்தின் குறுக்களவு ஏறக்குறைய 37 செ.மீ. டிசம்பரில் சூரியன் தாழ்வாக இருக்கும்போது ஒளிவட்டம் வில்லின் மேல்பகுதியில் விழும். ஜூன் நெருங்க நெருங்கக் கீழே இறங்கும். ஆறு மாதத்தில் அது கடக்கும் தூரம் 33 மீட்டர். மார்ச்சிலும் செப்டம்பரிலும் ஒரே நாளில் 28 செ.மீ. நகர்ந்துவிடும், ஜூன் 21ஐ ஒட்டி நின்ற இடத்திலேயே நிற்பதுபோல் தோன்றும். மேல் எல்லைக்கும் கீழ் எல்லைக்கும் இடையே உள்ள கோணத்தைப் பாதியாக்கினால் பூமியின் சாய்வு கிடைத்துவிடும். அவர்களுக்குக் கிடைத்தது 23 பாகை 30 கலை 17 விகலை. இன்றைய கணிப்போடு ஒப்பிட்டால் பிழை ஏறக்குறைய அரைக் கலைதான். அந்தச் சலவைக்கல் தடத்தில் அது 6 மில்லிமீட்டர். தொலைநோக்கி பிறக்க இன்னும் ஏறக்குறைய இருநூறு ஆண்டு இருந்தது.

இதைச் செய்தவர் ஒருவரல்லர். காஷான் ஊரிலிருந்து வந்த ஜம்ஷீத் அல்-காஷி, அனத்தோலியாவிலிருந்து வந்த காழி ஸாதா ரூமி, இளைஞரான அலி குஷ்ஜி என்று ஒரு கூட்டமே இருந்தது. காஷி தம் தந்தைக்கு எழுதிய கடிதங்கள் இன்றும் கிடைக்கின்றன. அரசர் மதரஸாவில் மாணவர்களோடு அமர்ந்து வாதிடுவாராம். மரியாதைக்காக யாரும் தம் கருத்தை ஒப்புக்கொள்வது அவருக்குப் பிடிக்காது. வேண்டுமென்றே தவறான ஒன்றைச் சொல்லிவிட்டு, தலையாட்டுகிறவர் யார் என்று பார்ப்பாராம். குதிரை மேல் போய்க்கொண்டே, கடந்துபோன ஒரு நாளில் சூரியன் எந்தப் பாகையில் எந்தக் கலையில் இருந்தது என்று மனக்கணக்காகச் சொன்னதையும் காஷி வியந்து எழுதுகிறார். காஷியும் லேசுப்பட்டவரல்லர், வட்டத்தின் சுற்றளவுக்கும் ஆரத்துக்கும் உள்ள விகிதத்தைத் தசம முறையில் 16 இடம் வரை சரியாகக் கண்டவர்.

1437இல் முடிந்த அவர்களுடைய அட்டவணை நூலில் 1018 நட்சத்திரங்களின் இடங்கள் உள்ளன. நட்சத்திரங்களை வேறு கருவிகள் கொண்டு பார்த்தார்கள். பெரிய வில் முதன்மையாகச் சூரியனுக்கு. சமர்கந்திலிருந்து தெரியாத சில தென்வான நட்சத்திரங்களுக்கு மட்டும் முந்தைய வானியலாளர் அப்துர் ரஹ்மான் ஸூஃபியின் பழைய பட்டியலை எடுத்தாண்டு, அதை நூலிலேயே சொல்லிவிட்டார்கள். நட்சத்திரங்களை வைத்துக் கணித்த ஆண்டின் நீளம் 365 நாள் 6 மணி 10 நிமிடம் 8 நொடி. உண்மை அளவைவிட ஒரு நிமிடம்கூட அதிகமில்லை.

உலுக் பேக்கின் முடிவு கொடியது. 1449இல் ஹஜ்ஜுக்குப் புறப்பட்ட வழியில், மகன் அப்துல் லத்தீஃபின் ஏற்பாட்டால் கொல்லப்பட்டார். 1941இல் சோவியத் ஆய்வாளர்கள் கூர் எமிர் அடக்கத்தலத்தில் அவருடைய கபுரைத் திறந்தபோது, கழுத்தெலும்பில் வெட்டுப்பட்டிருந்தது தெரிந்தது. அவர் இறந்ததுமே மதவெறியர்கள் ஆய்வுக்கூடத்தை இடித்துவிட்டார்கள் என்ற கதை பரவலாகச் சொல்லப்படுகிறது. அதை அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஏறக்குறைய அரை நூற்றாண்டு கழித்துச் சமர்கந்தைப் பிடித்த பாபர், தம் நினைவுக் குறிப்புகளில் அதை மூன்றடுக்குக் கட்டடம் என்றே எழுதுகிறார். பின்னர் எப்போதோ கவனிப்பாரற்று, கற்கள் வேறு வேலைகளுக்குப் போய், மண் மூடிவிட்டது. 1908இல் வியாட்கின் என்ற ரஷ்ய ஆய்வாளர் ஒரு பழைய வக்ஃபு ஆவணத்தில் இடக்குறிப்பைக் கண்டுபிடித்துத் தோண்டினார். பாறைக்குள் இருந்த கீழ்ப்பகுதி மட்டும் பிழைத்திருந்தது. வியாட்கினின் கல்லறையும் அந்தக் குன்றிலேயே இருக்கிறது.

நூல் மண்ணுக்குள் போகவில்லை. அலி குஷ்ஜி இஸ்தான்புல் சென்று, அங்கே அயாசோஃபியாவின் மதரஸாவில் பாடம் சொன்னார். 1665இல் ஆக்ஸ்ஃபோர்டில் நட்சத்திரப் பட்டியல் அச்சானது. இந்தியாவில் ஜெய்சிங் மன்னர் அதைத் தம் வேலைக்கு ஆதாரமாகக் கொண்டு, இந்து, முஸ்லிம் வானியலாளர்களை ஒன்றாக அமர்த்தித் தம் அட்டவணையை முகலாயப் பேரரசர் முஹம்மது ஷாவின் பெயரில் வெளியிட்டார். அவர் ஜெய்ப்பூரில் எழுப்பிய ஜந்தர் மந்தரில், ஷஷ்டாம்ச யந்திரம் என்ற இருட்டறை இருக்கிறது. மேலே துளை, கீழே வளைந்த அளவுகோல். குஜந்தீ செய்த அதே ஏற்பாடு. சமர்கந்துப் பள்ளத்தின் மேல் இன்று கூரை வளைவு இருப்பதால் அங்கே வெயில் இறங்காது. ஒளிவட்டத்தைக் கண்ணால் காண விரும்பும் இந்தியக் குழு, கடவுச்சீட்டு இல்லாமலே ஜெய்ப்பூருக்குப் போகலாம்.

சமர்கந்துக்கே போகிறவர்கள் ஒரு மீட்டர் கோலும் அளவு நாடாவும் எடுத்துச் செல்லட்டும். அக்டோபர் நடுவில் அங்கே நண்பகல் நிழல் ஏறக்குறைய 111 செ.மீ. இருக்கும். அதே நாளில் காயல்பட்டினத்தில் ஒரு தம்பியோ தங்கையோ அதே அளவுக் கோலை நட்டால், அவர்கள் ஊர் நண்பகலில் 30 செ.மீ. சொச்சம் வரும். இரண்டு நிழலையும் கோணமாக மாற்றிக் கழித்தால் 31 பாகை கிடைக்கும். அந்த இரண்டு ஊர்களுக்கும் இடையே தெற்கு வடக்காக உள்ள தூரம் ஏறக்குறைய 3450 கி.மீ. 31 பாகைக்கு அவ்வளவு என்றால் 360 பாகைக்கு எவ்வளவு? பூமியின் சுற்றளவு, 40 ஆயிரம் கிலோமீட்டர். கலீஃபா மஃமூனின் ஆட்கள் ஒன்பதாம் நூற்றாண்டில் சிஞ்சார் சமவெளியில் வடக்கும் தெற்குமாக நடந்து கண்ட அளவும் இதே முறையில் வந்ததுதான்.