சாவித்துவார ஆபரேஷனும் வலி தணிக்கும் கூட்டு முறையும்

தங்கவயல் வட்டாரத்துத் தமிழ்க் குடும்பங்களுக்கு ஆபரேஷன் என்றால் ஒரு காலத்தில் சுரங்கக் கம்பெனி ஆஸ்பத்திரிதான். 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடியபின் அதுவும் பழைய நிலையில் இல்லை. கர்ப்பப்பைக் கட்டி, சினைப்பைக் கட்டி என்றால் இப்போது கோலார் டமக்காவில் 1986இல் தொடங்கிய ஸ்ரீ தேவராஜ் அர்ஸ் மருத்துவக் கல்லூரிக்கோ, பங்காருபேட்டை ஜங்ஷனில் ரயிலேறி பெங்களூருக்கோ போகிறார்கள். மூன்று நான்கு சிறு துளை, உள்ளே ஒரு கேமரா. பெரும்பாலும் ஓரிரு நாளில் வீடு. ஜெர்மனியில் கீல் நகரத்துப் பெண்கள் நல மருத்துவர் கூர்ட் செம் இந்த முறையை வளர்த்தவர்களில் முக்கியமானவர். 1980இல் குடல்வாலையே துளை வழியாக எடுத்துக் காட்டினார். சக டாக்டர்கள் முதலில் ஏற்கவில்லை என்பது தனிக்கதை.

துளை சின்னது, ஆகவே வலியும் சின்னது என்று வீட்டார் நினைத்துவிடுகிறார்கள். அது சரியல்ல. இங்கே வலி மூன்று வகை. தோலிலும் தசையிலும் துளை போட்ட இடத்து வலி ஒன்று. உள்ளே வெட்டித் தைத்த இடத்தில், மாதவிலக்கு வலி போலப் பிசையும் வலி இன்னொன்று. மூன்றாவதுதான் விசித்திரம், தோள்பட்டை வலி. உள்ளே இடம் உண்டாக்க வயிற்றைக் கரியமில வாயுவால் ஊதுகிறார்கள். மிச்ச வாயு உதரவிதானத்தை உறுத்துகிறது. அதற்குப் போகும் நரம்பு கழுத்திலிருந்து புறப்படுவது. தோளுக்கும் அதே வேர். எங்கே வலிக்கிறது என்று மூளை ஏமாந்துபோகிறது. எங்கள் வீட்டு மருமகளுக்கு மறுநாள் தோள் வலித்தபோது, மாரடைப்போ என்று பக்கத்து வீட்டார் அழவே ஆரம்பித்துவிட்டார்கள். வழக்கமாக இரண்டு மூன்று நாளில் அடங்கிவிடும். மார்பு அழுத்தமோ மூச்சுத் திணறலோ சேர்ந்தால் மட்டும் காத்திருக்கக் கூடாது.

மூன்று ஊற்றுள்ள வலியை ஒரே மருந்தால் அடைக்கப் பார்த்தால் அதன் அளவை ஏற்றிக்கொண்டே போகணும். மார்பின் வகை மருந்தை ஏற்றினால் வாந்தி, மயக்கம், மலச்சிக்கல், மிஞ்சினால் மூச்சே மந்தமாகும். டென்மார்க் டாக்டர் ஹென்ரிக் கெலெட்டும் அவர் துணைவர் டாலும் 1993இல் எழுதிய கட்டுரையில், வெவ்வேறு இடத்தில் வேலை செய்யும் மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் கூட்டு முறையை வற்புறுத்தினார்கள். ஐந்து கிலோ கல் இல்லாத கடையிலே சின்னக் கற்களைச் சேர்த்து நிறுப்பதில்லையா, அந்த மாதிரி.

எப்படிச் சேர்ப்பது? மயக்கத்தில் இருக்கும்போதே துளை ஓரங்களில் புபிவக்கெயின் என்ற மரத்துப்போகும் ஊசி. சில மணி நேரம் தாங்கும். ஒரு வேளை டெக்ஸாமெதசோன் கொடுத்தால் வாந்தியும் குறையும். முடிக்கும் சமயம் தலைப்பக்கம் தாழ்த்தி, நுரையீரலை நன்றாக ஊதி வாயுவை வெளியேற்றினால் தோள்வலி குறைகிறது. இதற்குக் காசே இல்லை! பிறகு பாராசிட்டமாலும், டைக்ளோஃபெனாக் அல்லது இபுப்ரோஃபென் வகையில் ஒன்றும், மணி பார்த்துக் கொடுக்கணும். கர்ப்பப்பை பிசையும் வலிக்குக் காரணமான புரோஸ்டாகிளாண்டினைப் பின்னது தடுக்கிறது. வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு ஆகாது. சில ஆஸ்துமாக்காரர்களுக்கும் ஆகாது. டிரமடால் போன்றவை மேற்கொண்டு தேவைப்பட்டால் மட்டும். அதை 2018இல் நம் அரசு போதைப்பொருள் சட்டத்துக்குள் கொண்டுவந்தது.

நம் பெண்கள் வலியைச் சொல்வதில்லை. "பொறுத்துக்கோ" என்றே வளர்த்துவிட்டோம். பொறுத்துக்கொண்டு அசையாமல் படுத்தால் காலில் ரத்தம் உறையலாம், மூச்சு மேலோட்டமாகிச் சளி கட்டலாம். வலி முற்றிய பிறகு மாத்திரை தேடுவதைவிட, முதல் இரண்டு மூன்று நாள் வேளை தவறாமல் கொடுப்பதே மேல்.

கூட்டு முறையிலே ஆபத்தும் உண்டு, அது மருந்துக்கடையில்தான். பாராசிட்டமாலும் அசிக்ளோஃபெனாக்கும் ஒரே மாத்திரையில் சேர்ந்து வருகின்றன. ஆஸ்பத்திரிச் சீட்டில் பாராசிட்டமால் தனியாகவும் இருக்கும். வேறு பெயர், வேறு நிறம்; உள்ளே அதே சரக்கு. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 4 கிராம் எல்லை, மெலிந்தவர்களுக்கு அதிலும் குறைவு; மிஞ்சினால் ஈரல் கெடும். அட்டையின் பின்புறம் சிற்றெழுத்தில் உள்ள மருந்துப் பெயரைப் படிக்கத் தெரிந்த பிள்ளையிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

வலி நாளுக்கு நாள் குறையணும். இரண்டாம் மூன்றாம் நாளில் ஏறினால், கூடவே காய்ச்சல், வயிறு உப்புசம், வாந்தி, சிறுநீர் போகாமை இருந்தால், மாத்திரையால் அடக்கப் பார்க்கக் கூடாது. குடலிலோ சிறுநீர்க் குழாயிலோ காயம் பட்டிருக்கலாம். அன்றைக்கே, ராத்திரியானாலும், ஆபரேஷன் செய்த இடத்துக்கே திரும்பணும்.