மேசைமேல் ஒரு சிங்கப்பெருமாள் கோவில்!

ஜி.எஸ்.டி. சாலையில் வண்டலூர் தாண்டித் தெற்கே போகிறவர்களுக்கு ரயில்தான் வழித்துணை. ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, பொத்தேரி, காட்டாங்குளத்தூர், மறைமலை நகர், சிங்கப்பெருமாள் கோவில், பரனூர் என்று செங்கல்பட்டு வரைக்கும் சாலையும் தண்டவாளமும் ஒன்றையொன்று விட்டு அதிகம் விலகுவதில்லை. மின்சார ரயில் வரும், வந்தே பாரத் வரும், சரக்கு ரயில் வரும். ஜன்னலோரம் உட்கார்ந்த குழந்தை பெட்டிகளை எண்ணும். பெரியவர்கள் செல்போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அந்தக் குழந்தையின் பக்கம் நின்று சொல்கிறேன். தமிழ்நாட்டில் ரயில் அழகு என்றதும் நாம் உதகைக்கும் பாம்பனுக்கும் ஓடுகிறோம். நீலகிரி மலை ரயில் 2005-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமானது. 2025 ஏப்ரல் 6-ல் திறந்த புதிய பாம்பன் பாலத்தைப் படம் எடுக்காத கேமரா இல்லை. அவற்றுக்குரிய பெருமை கிடைத்துவிட்டது. ஆனால், லட்சக்கணக்கானவர்களை தினமும் வேலைக்கும் வீட்டுக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கிற, நாம் ஓட்டும் கார்களை நாடெங்கும் சுமந்து செல்கிற இந்தத் தொழிற்சாலைப் பக்கத்து ரயிலை யாரும் நின்று பார்ப்பதில்லை. சிறு உருவில் ரயில் காட்சிகளைச் செய்து வைக்கும் 'டயோரமா' கலையில் ஈடுபாடு உள்ளவர்களுக்கு, சிங்கப்பெருமாள் கோவிலைச் சுற்றிய ஒரு மணி நேரப் பயணத்துக்குள்ளேயே ஓர் ஆயுளுக்கான காட்சிகள் இருக்கின்றன.

முதல் காட்சி: கேட்

ஊருக்குப் பெயர் தந்தவர் பாடலாத்ரி நரசிம்மர். பல்லவர் காலக் குடைவரைக் கோயில். மூலவரைப் பாறையிலேயே குடைந்திருப்பதால், அவரை வலம்வர வேண்டுமென்றால் குன்றையே சுற்றி வர வேண்டும். நெற்றிக்கண் உள்ள நரசிம்மர் என்பதால் பக்தர்கள் தேடி வருகிறார்கள். இங்கிருந்துதான் ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூருக்கு மாநில நெடுஞ்சாலை பிரிகிறது. பிரிந்த கையோடு ரயில் பாதையைத் தாண்டியாக வேண்டும்.

மேம்பாலம் எழும்பும் வரை அந்தக் கேட்டில் காத்துக்கிடந்ததை இந்தப் பக்கத்து மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஷிப்ட் மாறும் நேரம். கம்பெனி பஸ்கள், கன்டெய்னர் லாரிகள், ஷேர் ஆட்டோக்கள், பூக்கூடையோடு நடந்து போகிறவர்கள், கட்டைக்கு அடியில் குனிந்து நுழையத் துடிக்கும் பைக்குகள். உள்ளே இரும்புப் பலகைகளும் விளக்குகளும் கொண்ட கேட் அறை. இண்டர்லாக் செய்த கேட்டில், கட்டை இறங்கிப் பூட்டினால்தான் ரயிலுக்கு சிக்னல் கிடைக்கும். சிக்னல் கொடுத்துவிட்டால், ரயில் கடக்கும் வரை கேட்டைத் திறக்க முடியாது. ஒன்று போனதும் எதிர்த்திசையில் அடுத்தது வந்துவிட்டால் காத்திருப்பு நீளும். வெளியே ஹாரன் அடிப்பவர்களுக்கு இந்த நியாயம் தெரியாது.

அகலப்பாதைகளில் ஆளில்லா லெவல் கிராசிங்குகள் 2019 ஜனவரியோடு நாடு முழுக்க ஒழிக்கப்பட்டன. ஆளுள்ள கேட்டுகளும் ஒவ்வொன்றாக மேம்பாலத்துக்கும் சுரங்கப்பாதைக்கும் வழிவிட்டு வருகின்றன. உயிர் காக்கும் வேலை அது, வேகமாகவே நடக்கட்டும். ஆனால், மூடிய கேட் முன்னால் ஓர் ஊரே கூடி நிற்கும் காட்சி அடுத்த தலைமுறைக்குத் தெரியாது. செய்து வைத்தால்தான் தெரியும்.

இரண்டாம் காட்சி: கார் ஏறும் ரயில்

ஒரகடத்தில் வண்டலூர் - வாலாஜாபாத் சாலையைப் பிடித்து மேற்கே போனால் வாலாஜாபாத். செங்கல்பட்டு - அரக்கோணம் பாதையில் உள்ள இந்த ஸ்டேஷன், சென்னைக் கோட்டத்தில் கார்களை ரயிலில் ஏற்றி அனுப்பும் முக்கிய இடங்களில் ஒன்று. ஒரகடம் பக்கத்துக் கார் தொழிற்சாலைகளிலிருந்து புத்தம் புதுக் கார்களைச் சுமந்து ட்ரெய்லர்கள் சாலை வழியே வருகின்றன. பக்கத்துத் தண்டவாளத்தில் நீண்ட ரேக் காத்திருக்கிறது.

'என்.எம்.ஜி.' எனப்படும் அந்தப் பெட்டிகளைக் கூர்ந்து பாருங்கள். ஒரு காலத்தில் பயணிகளைச் சுமந்த அதே ஐ.சி.எஃப். பெட்டிகள்தான். பயணச் சேவையிலிருந்து ஓய்வு பெற்றபின் இருக்கைகளைக் கழற்றி, ஜன்னல்களைத் தகட்டால் அடைத்து, முன்னும் பின்னும் அகலக் கதவு வைத்திருக்கிறார்கள். ஜன்னல் இருந்த இடத்தின் தடம் பல பெட்டிகளில் இன்னும் தெரியும். பெரம்பூரில் 1955-ல் தொடங்கிய ஐ.சி.எஃப். தொழிற்சாலையின் வழிவந்த பெட்டி, ஒரகடத்துக் காருக்கு வாகனமாகிறது. தமிழ்நாட்டின் தொழில் வரலாற்றில் இரண்டு அத்தியாயங்கள் ஒரே தண்டவாளத்தில் நிற்கின்றன.

ஏற்றும் விதம் இன்னும் அருமை. ரேக்கின் ஒரு முனையில் சாய்தளம். பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவே இரும்புப் பலகையைப் பாலமாகச் சாய்த்துவிடுகிறார்கள். முதலில் ஏறும் கார், வரிசையாக எல்லாப் பெட்டிகளையும் உள்ளுக்குள்ளேயே கடந்து மறுமுனைப் பெட்டியில் போய் நிற்கும். அடுத்தது அதன் பின்னால். ஐ.சி.எஃப். பெட்டியின் அகலம் சுமார் 3.2 மீட்டர்தான். சுவரில் உரசாமல், கண்ணாடி தட்டாமல் அந்தக் குகைக்குள் ஓட்டிக்கொண்டு போகிற டிரைவர்களின் கை நிதானம் பாராட்டுக்குரியது. நிறுத்தியதும் ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, பக்கவாட்டு இடுக்கில் உடம்பைச் சுருக்கி வெளியே வருகிறார்கள். இப்போது, இரண்டு அடுக்காகக் கார் ஏற்றும் பிரத்யேக வேகன்களும் வந்துவிட்டன.

டயோரமாவுக்கு இதைவிடப் பொருத்தமான காட்சி கிடைக்காது. முழு ரேக் வேண்டாம். சாய்தளம், கதவு திறந்த கடைசிப் பெட்டி, பாதி ஏறிய கார், வரிசையில் நான்கைந்து கார்கள், ஒரு ட்ரெய்லர். அவ்வளவு போதும்.

மூன்றாம் காட்சி: ஏரியும் ஆறும்

பரனூர் தாண்டியதும் கொளவாய் ஏரி. செங்கல்பட்டுக்குள் நுழையும் ரயில் அதன் கரையை ஒட்டியே போகிறது. மழைக்காலம் முடிந்து ஏரி நிரம்பியிருக்கும்போது தண்ணீரும் குன்றுகளும் ரயிலும் ஒரே சட்டத்துக்குள் வந்துவிடும்.

செங்கல்பட்டிலிருந்து வாலாஜாபாத் நோக்கிப் பிரியும் பாதை வேறு உலகம். ஒற்றைப் பாதை. பாலூர், பழையசீவரம் என்று பாலாற்றங்கரை ஊர்கள் வழியே போகிறது. பழையசீவரத்தில் குன்றின்மேல் லட்சுமி நரசிம்மர். கீழே மணல் விரிந்த பாலாறு. சின்ன ஸ்டேஷன், வேப்பமரம், சிமென்ட் பெஞ்சு, எதிர் ரயிலுக்காக லூப் லைனில் காத்து நிற்கும் வண்டி. முதன்முதலாகச் செய்கிறவர்கள் இங்கிருந்து தொடங்கலாம். பொருள் குறைவு, அழகு அதிகம்.

இந்தப் பாதைக்கு வரலாறும் உண்டு. அரக்கோணம் - காஞ்சிபுரம் இடையே 1865-ல் ரயில் விட்டது 'இந்தியன் டிராம்வே கம்பெனி'. அப்போது தண்டவாள அகலம் மூன்றரை அடி. 1878-ல் மீட்டர்கேஜ் ஆனது. இன்று அகலப்பாதை. ஒரே பாதை மூன்று அகலங்களைப் பார்த்துவிட்டது.

நான்காம் காட்சி: போன தலைமுறை

பழையதை மீட்டுச் செய்ய விரும்புகிறவர்கள் மீட்டர்கேஜ் காலத்துக்குப் போகலாம். சென்னைக் கடற்கரை - தாம்பரம் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931 மே 11. அறுபதுகளில் மின்கம்பி விழுப்புரம் வரை நீண்டது. இந்தியாவில் மீட்டர்கேஜில் மின்சார இன்ஜின் ஓடிய தடம் இது ஒன்றுதான். அந்தத் தடத்துக்கென்றே ஜப்பானிலிருந்து 'யாம்-1' இன்ஜின்கள் வந்தன. சிங்கப்பெருமாள் கோவில் பிளாட்பாரத்தைக் கடந்து அவை ஓடியதைப் பார்த்தவர்கள் இன்றும் ஊரில் இருப்பார்கள். மீட்டர்கேஜ் மின்சார ரயில் 2004 ஜூலை 1-ல் விடைபெற்றது. ஸ்டேஷனில் பேப்பர் கடை எங்கே இருந்தது, எந்த மரத்தடியில் மாட்டுவண்டி நின்றது என்பதெல்லாம் பெரியவர்களின் நினைவில்தான் இருக்கிறது. அவர்களிடம் உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

எப்படிச் செய்வது?

உலகம் முழுக்கப் பரவலாக உள்ள அளவு 'எச்.ஓ.'. அதாவது, உண்மையில் 87-ல் ஒரு பங்கு. ஐந்தரை அடி மனிதர் இதில் இரண்டு சென்டிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. 21.3 மீட்டர் நீளமுள்ள ஐ.சி.எஃப். பெட்டி 24.5 சென்டிமீட்டர். 20 மீட்டர் பனைமரம் 23 சென்டிமீட்டர். நான்கடிக்கு இரண்டடி பிளைவுட் பலகையில் சுமார் 106 மீட்டர் நீளம், 53 மீட்டர் அகலமுள்ள நிலம் அடங்கும். ஒரு கேட்டும் அதன் இருபுறமும் தாராளமாகப் பிடிக்கும். 12 பெட்டி மின்சார ரயில் முழுதாக வேண்டுமென்றால் மூன்று மீட்டர் இடம் வேண்டும். அதனால்தான் நான் சொல்கிறேன், முழு ரயிலுக்கு ஆசைப்படாதீர்கள். காட்சியைச் செய்யுங்கள், ரயில் அதன் வழியே போகட்டும்.

நம் அகலப்பாதை 1,676 மில்லிமீட்டர். எச்.ஓ. அளவில் அது 19.3 மில்லிமீட்டர் வரும். கடையில் கிடைக்கும் தண்டவாளமோ 16.5 மில்லிமீட்டர். பார்வைக்குத் தெரியும் வித்தியாசம்தான். பெரும்பாலானவர்கள் பொறுத்துக்கொள்கிறார்கள். ரயில் ஓடத் தேவையில்லாத டயோரமாவில், சரியான அகலத்தில் நீங்களே தண்டவாளம் பதித்துக்கொள்ளலாம். கார்களில் கவனம் தேவை. பொம்மைக் கடைகளில் கிடைக்கும் சிறு உலோகக் கார்களில் பெரும்பாலானவை 1:64 அளவை ஒட்டியவை. எச்.ஓ. பெட்டிக்குள் அவற்றை நிறுத்தினால் அளவு வித்தியாசம் காட்டிக்கொடுத்துவிடும்.

டேப் பிடிக்க முடியாத இடங்களை அளக்க ஒரு வழி உண்டு. முக்கியப் பாதைகளில் கிலோமீட்டருக்கு 1,660 ஸ்லீப்பர்கள் பதிப்பது வழக்கம். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் சுமார் 60 சென்டிமீட்டர். பக்கவாட்டில் எடுத்த படத்தில் ஸ்லீப்பர்களை எண்ணினாலே கேட் அறையின் நீளம் கிடைத்துவிடும்.

தண்டவாள ஜல்லியில் பெரியது 65 மில்லிமீட்டர். நம் அளவில் முக்கால் மில்லிமீட்டர். ரவை சல்லடையில் சலித்த எம்-சாண்ட் போதும். வெள்ளைப் பசையில் தண்ணீர் கலந்து சொட்டுச் சொட்டாக விட்டால் இறுகிவிடும். காய்ந்த டீத்தூள் மண்ணாகும். சாயமேற்றிய மரத்தூள் புல்லாகும். தேங்காய் நார் புதராகும். தண்டவாளத்தின் பக்கங்களுக்குத் துரு நிறம் பூசி, மேற்பரப்பை மட்டும் பளபளப்பாக விடுங்கள். தினமும் ரயில் ஓடும் பாதை என்று பார்த்ததும் தெரியும்.

நமக்குப் புதிதல்ல

புனேவில் பி.எஸ்.ஜோஷி உருவாக்கிய மினியேச்சர் ரயில் அருங்காட்சியகம் 1998 ஏப்ரல் 1-ல் திறக்கப்பட்டது. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் 2001-ல் தொடங்கிய 'மினியேச்சர் வுண்டர்லேண்ட்' உலகத்தையே சிறு உருவில் செய்து வைத்திருக்கிறது. அவற்றைப் பார்த்து வியப்பவர்கள் நம் வீட்டுக் கொலுவையும் ஒருமுறை நினைக்க வேண்டும். படிகளுக்கு முன்னால் தரையில் மண் பரப்பி, கடுகும் கேழ்வரகும் முளைக்கவிட்டு வயலாக்கி, கண்ணாடித் துண்டைக் குளமாக்கி, மலையும் கோயிலும் ரயிலும் வைத்த பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக இங்கே இருக்கிறார்கள். வாலாஜாபாத்துக்கு அடுத்த ஊரான காஞ்சிபுரத்தின் பொம்மைக்காரத் தெருவில் காகிதக்கூழில் பொம்மை செய்யும் குடும்பங்கள் இன்றும் உண்டு. டயோரமாவில் குன்று செய்ய அதே காகிதக்கூழைவிட மலிவான, உறுதியான பொருள் கிடையாது. கைத்தொழில் நம்மிடம் இருக்கிறது. அளவும் கவனிப்பும் சேர்ந்தால் அதுவே டயோரமா.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். படம் எடுப்பதற்காகத் தண்டவாளத்தில் இறங்காதீர்கள். அனுமதியின்றி ரயில்வே இடத்துக்குள் நுழைவது, 1989-ம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147-வது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ, 1,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கக்கூடிய குற்றம். மேம்பாலத்தின் மேல் காரை நிறுத்துவதும் ஆபத்து. பிளாட்பார டிக்கெட் எடுத்துக்கொண்டு ஸ்டேஷனிலிருந்து பாருங்கள். சரக்கு ஏற்றும் இடத்துக்கு அதிகாரிகளின் அனுமதி கேட்டுப் போங்கள். காரில் போகும்போது படம் எடுக்கிறவர் ஓட்டுகிறவராக இருக்கக் கூடாது.

நவராத்திரிக்கு முன்பாக ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை இந்தப் பக்கம் அழைத்து வாருங்கள். எந்தக் காட்சியைச் செய்வது என்பதை அவர்களே தேர்ந்தெடுக்கட்டும். அளப்பதையும் எண்ணுவதையும் அவர்களிடமே விடுங்கள். இந்த வருடக் கொலுவில் நம் ஊர் ஸ்டேஷனுக்கும் ஓர் இடம் கொடுங்கள்.