எத்தனை கட்டை?

பாட வந்தவரிடம் ஆர்மோனியக்காரர் கேட்கும் முதல் கேள்வி இதுதான். விழிக்காமல் பதில் சொல்லத் தெரிந்தால் பாதிப் படபடப்பு தீர்ந்துவிடும்.

ஆர்மோனியத்தில் கறுப்புக் கட்டைகள் இரண்டும் மூன்றுமாகக் கூட்டு சேர்ந்து நிற்கும். இரண்டு நிற்கிற இடத்தில், அவற்றை ஒட்டி இடப்பக்கம் உள்ள வெள்ளைதான் ஒன்றாம் கட்டை. மேற்கத்திய இசையின் ‘சி’. அங்கிருந்து வலமாக ஏழு வரை எண்ண வேண்டும். நடுவிலுள்ள கறுப்புகள் ஒன்றரை, இரண்டரை என்று போகும். மூன்றரை மட்டும் கிடையாது. மூன்றுக்கும் நான்குக்கும் இடையே கறுப்பே இல்லை. “மூன்றரைக் கட்டையில் பாடுவேன்” என்பவரைப் பார்த்து ஆர்மோனியக்காரர் சிரிப்பது அதனால்தான்.

கச்சேரியில் ஆண்கள் பெரும்பாலும் ஒரு கட்டையை ஒட்டியும் பெண்கள் ஐந்தை ஒட்டியும் சுருதி வைத்துக்கொள்கிறார்கள். ஒரு கட்டையில் சட்ஜம் பிடிக்கும் ஆணின் குரல்நாண் நொடிக்குச் சுமார் 131 தடவை அதிர்கிறது; ஐந்து கட்டைப் பெண்குரலில் அது 196. முன்னதை ஒன்றரையால் பெருக்கினால் பின்னது வந்துவிடும். அவருடைய பஞ்சமம்தான் இவருடைய சட்ஜம்! (மைக் பரவாத நாடக மேடையில் கடைசி வரிசைக்கும் குரல் எட்டியாக வேண்டும். எஸ்.ஜி. கிட்டப்பா காலத்துப் பாடகர்கள் உச்சத்தில் பாடியதில் இந்தக் கட்டாயத்துக்கும் பங்குண்டு.)

சுருதி சேர்ந்த தம்புராவைக் கூர்ந்து கேட்டால் யாரும் மீட்டாத ஓர் அந்தர காந்தாரம் தானாக எழும். அது சட்ஜத்துக்கு 1.25 மடங்கு என்ற விகிதத்தில் நிற்பது. கீபோர்டின் காந்தாரமோ ஏறக்குறைய 1.26 மடங்கு. எந்தக் கட்டையில் தொடங்கினாலும் பாட்டு ஒரே மாதிரி ஒலிக்க வேண்டும் என்பதற்காக, கீபோர்டு ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சம படிகளாக்கிவிட்டது; படிக்குப் படி சுமார் 6 சதவீத ஏற்றம். தம்புராவோடு சாதகம் செய்த காது கீபோர்டுக்கு முன்னால் லேசாக நெளிவது இதனால்தான். குறை காதில் இல்லை.

இதே 6 சதவீதக் கணக்கு ஒலிப்பதிவிலும் குறுக்கிடுகிறது. கம்ப்யூட்டர் குரலை அப்படியே வைத்துக்கொள்வதில்லை. அலையின் உயரத்தை நொடிக்குப் பல ஆயிரம் தடவை அளந்து எண்களாக எழுதி வைக்கிறது. சி.டி.யில் 44,100 தடவை. மனிதக் காதின் எல்லை நொடிக்கு 20,000 அதிர்வு. எதையும் தவறவிடாமல் பிடிக்க அதன் இருமடங்குக்கு மேல் அளக்க வேண்டும். வீடியோவுக்கான பதிவில் 48,000 வழக்கம்.

வீட்டில் ஒலிப்பதிவு தொடங்குகிறவர்கள் இந்த இரண்டு எண்களுக்கு நடுவேதான் மாட்டிக்கொள்கிறார்கள். 48,000-இல் பதிந்ததை மென்பொருள் 44,100 என்று தவறாக எடுத்துக்கொண்டால் பாட்டு 8 சதவீதம் மெதுவாக ஓடும். நாலு நிமிடப் பாட்டு 21 விநாடி நீளும். ஐந்து கட்டைச் சுருதி நாலுக்கும் நாலரைக்கும் நடுவே, எந்தக் கட்டையிலும் சேராமல் தொங்கும். பாடியவர் தொண்டையைச் சந்தேகித்து வெந்நீர் வைக்கப் போவார். பார்க்க வேண்டியது திரையின் மூலையில் இருக்கும் அந்த எண்ணை.