பரபரப்பான நாட்களில் பலம் தரும் உணவு

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம் என்பார்கள் நம் முன்னோர். ஆனால் தேர்வு நெருங்கிவிட்டால் நாம் முதலில் மறப்பது அந்தச் சுவரைத்தான்!

சென்ற அரையாண்டுத் தேர்வின்போது எங்கள் பாட்டி மருத்துவமனையில் இருந்தார்கள். அம்மா பகலில் அலுவலகத்திற்கும் இரவில் பாட்டியின் கட்டிலுக்குமாக ஓடினார்கள். பத்து நாட்கள் எங்கள் காலை உணவு தேநீரும் பிஸ்கட்டும்தான். கணிதத் தேர்வன்று எனக்கு நன்கு தெரிந்த கணக்கே கண்முன் மங்கியது. பத்தாம் நாள் அம்மா தலைசுற்றிப் படிக்கட்டில் அமர்ந்துவிட்டார்கள். அவர்கள் அந்தப் பிஸ்கட்டைக்கூட எங்களுக்கே வைத்துவிட்டுச் சென்றிருக்கிறார்கள் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அதன்பின் ஆசிரியையிடம் கேட்டும் நூலகத்தில் படித்தும் அறிந்தவற்றைத் தோழியருக்குச் சொல்ல விரும்புகிறேன்.

ஓய்வாக இருக்கும்போதும் நம் உடல் செலவிடும் சக்தியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை மூளையே எடுத்துக்கொள்கிறது. தேநீர் சற்று விழிப்பைத் தருமே தவிர, உணவின் வேலையைச் செய்யாது. உணவோடு சேர்த்து அருந்தினால், உணவிலுள்ள இரும்புச் சத்து உடலில் சேர்வதையும் அது குறைத்துவிடும். எலுமிச்சை, நெல்லி, கொய்யா ஆகியவற்றிலுள்ள வைட்டமின் சி அதைக் கூட்டும். இரத்தசோகை பெண்களையே அதிகம் வாட்டுவதால், நாம் இதை மறக்கலாகாது.

"சமைக்க நேரம் ஏது?" என்று கேட்கிறீர்களா? அடுப்பே வேண்டாத உணவுகள் நம் வீட்டிலேயே உள்ளன.

மெல்லிய அவலைக் கழுவி, தயிரோ, வெல்லமும் தேங்காயுமோ சேர்த்தால் ஐந்து நிமிடத்தில் சிற்றுண்டி தயார்.

பச்சைப் பயறை இரவில் ஊறவைத்து, காலையில் நீரை வடித்து ஈரத்துணியில் கட்டிவைத்தால் மறுநாள் முளை விடும். முளைவிடும்போது வைட்டமின் சி பெருகுகிறது. நன்கு கழுவி, எலுமிச்சை பிழிந்து உண்ணலாம். நோயாளிகளும் முதியோரும் வேகவைத்தே உண்ண வேண்டும்.

ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் உண்டு. 25 கிராம் வேர்க்கடலையிலும் ஏறக்குறைய அவ்வளவே உண்டு. அதனுடன் ஒரு வாழைப்பழம் இருந்தால் வெறும் வயிற்றோடு பள்ளிக்கு வர வேண்டியதில்லை.

வெறும் சோறுதான் உள்ளதா? பருப்புப் பொடி கலந்து உண்ணுங்கள். அரிசியில் குறைவாக உள்ள லைசின் என்னும் புரதக்கூறு பருப்பில் நிறைய உள்ளது. ஒன்றின் குறையை மற்றொன்று தீர்க்கிறது.

இப்போது ஞாயிறு மாலையில் எங்கள் வீட்டார் அனைவரும் ஒரு மணி நேரம் ஒதுக்குகிறோம். அப்பா பருப்பை வறுக்க, நான் பொடி திரிக்கிறேன். தம்பி வேர்க்கடலையை வறுத்துத் தோல் நீக்கி டப்பாவில் அடைக்கிறான். நலமடைந்து வீடு திரும்பிய பாட்டிக்கு, முளைப்பயறுத் துணி காயாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு! முதல் தட்டு அம்மாவுக்கு என்பது எங்கள் வீட்டின் புதிய சட்டம்.

அன்புத் தோழியரே, பொதுத்தேர்வு நாட்களில் நமக்காக விழித்திருப்பவர்கள் நம் அன்னையர். காலையில் புத்தகத்தைத் திறக்குமுன், "அம்மா, நீங்கள் சாப்பிட்டீர்களா?" என்று ஒரு வார்த்தை கேட்போம். பிறகு அவர்களோடு அமர்ந்து நாமும் உண்போம்!

– பத்தாம் வகுப்பு மாணவி