திண்ணை வீடுகள்

ஸ்ரீவில்லிபுத்தூருக்குச் செல்வோரின் கண்ணில் முதலில் படுவது வடபத்ரசாயி கோயிலின் 11 நிலை ராஜகோபுரம். 192 அடி உயரமுள்ள அதை அண்ணாந்து பார்த்து, ஆண்டாளைத் தரிசித்து, பால்கோவா வாங்கிக்கொண்டு ஊர் திரும்புவதே யாத்திரிகர் வழக்கம். அயல் வீதிகளில் எஞ்சியுள்ள பழைய வீடுகளின் முன் நிற்போர் அரியர்.

நாம் நின்று பார்த்தோம். வீதியோரத் திண்ணை, மரத்தூண், தாழ்வாரம், நாட்டு ஓடு, நடுவில் வானம் பார்த்த முற்றம். சூடேறிய காற்று முற்றத்தின் வழியே மேலெழுந்து போய்விடும். கனத்த சுண்ணாம்புச் சுவர் வெயிலை எளிதில் உள்ளே விடாது. சில மைல் தெற்கே, ராஜபாளையத்துப் பழையபாளையம், புதுப்பாளையம் பகுதிகளிலும் இத்தகைய வீடுகள் உண்டு. சென்னை மாகாண மந்திரிசபைக்கு 1949-இல் தலைமை ஏற்ற ஸ்ரீ குமாரசாமி ராஜா அவ்வூரினர். தமது இல்லத்தையே காந்தி கலை மன்றத்துக்கு ஈந்த பெருந்தகை. அவ்வித நற்கதி எத்தனை வீடுகளுக்குக் கிட்டும்? பாகப்பிரிவினையில் வீடு துண்டாகிறது, ஓடு மாற்றத் தெரிந்த கொத்தன் அகப்படுவதில்லை, திண்ணை கடையாகிறது, தூண் விலைக்குப் போகிறது.

திண்ணை எல்லா ஜாதியாருக்கும் திறந்திருந்ததில்லையே என்று அன்பர்கள் கேட்கலாம். உண்மைதான். அந்த வழக்கம் அடியோடு ஒழியவேண்டியதே. அதற்காக மரத்துக்கும் சுண்ணாம்புக்கும் தண்டனை விதிப்பது என்ன நியாயம்?

கொரியாவின் தலைநகரான சியோலில், இரு அரண்மனைகளுக்கிடையே புக்சோன் என்றொரு பகுதி இருக்கிறது. ஜப்பானியர் ஆட்சியில், அன்னியர் குடியேற்றம் அப்பக்கம் பரவாதபடி, ஜொங் செ-குவோன் என்ற தேசபக்தர் பெரிய மனைகளை வாங்கிப் பிரித்து, சுதேச முறையில் சிறு வீடுகள் கட்டித் தம் ஜனங்களுக்கு விற்றார். கொரிய மொழிச் சங்கத்துக்குக் கட்டடமும் அளித்தார். 1942-இல் அச்சங்கத்தின் மீது பாய்ந்த அடக்குமுறைக்கு அவரும் ஆளானார். அவ்வீடுகளைப் பழுதுபார்க்க நகர நிர்வாகம் 2001 முதல் பொருளுதவி செய்தது. வீடுகள் பிழைத்தன. பின்னரோ வேடிக்கை பார்ப்போர் கூட்டம் வாசலை அடைத்தது! மாலை 5 மணிக்குமேல் மறுநாள் காலை 10 மணிவரை முக்கியத் தெருக்களில் நுழையும் சுற்றுலாக்காரர்களுக்கு 2025 மார்ச் முதல் ஒரு லட்சம் வான் அபராதம் என்று விதிக்க நேர்ந்தது.

ஆகவே, வீடுகளைக் காட்சிச்சாலையாக்கும் யோசனை நமக்கு உவப்பல்ல. குடியிருப்போர் அங்கேயே குடியிருக்க வழி செய்யவேண்டும். பழைய உருவைக் கெடுக்காது பழுதுபார்ப்போருக்கு வீட்டுவரியில் சலுகை வேண்டும்; குறைந்த வட்டியில் கடன் வேண்டும்; சுண்ணாம்பு வேலையில் இளைஞருக்குப் பயிற்சி வேண்டும். மரபுச் சின்னங்களுக்கு ஆணையம் அமைக்கும் சட்டம் சென்னைச் சட்டசபையில் 2012-இல் நிறைவேறியது. அது அமலுக்கு வர 2024 ஆயிற்று. அந்த வேகத்தை நம்பிக் கூரைகள் காத்திருக்கமாட்டா. இரு நகரசபைகளும் கணக்கெடுப்பையாவது உடனே துவக்கட்டும். ஆடிப்பூரத் தேரோட்டத்துக்கு முன் ரதவீதிகளை அதிகாரிகள் எப்படியும் பார்வையிடுவர். அந்த நடையிலேயே, உடையவரின் சம்மதத்துடன், வீடுகளையும் குறித்துக்கொள்ளலாம்.