தேர்ச்சக்கரமும் பந்தயக்காரும்

காஞ்சியில் வரதராசப் பெருமாளின் வைகாசித் தேர் வீதிமுனையில் திரும்புவதை இளமையில் நான் வியந்து நோக்கியதுண்டு. முட்டுக்கட்டை இடுபவர் சக்கரத்தின் கீழ்ச் சிறு கட்டையைச் செருகுவார். பெருந்தேரின் போக்கே மாறும்.

சென்னை செல்லும் வழியில் இருங்காட்டுக்கோட்டையில் கார்ப் பந்தயத் தடம் உள்ளது. வளைவில் விரையும் காருக்கும் பின்சக்கரத்தின் சிறு விலகலே பெரிது. மேலிருந்து நோக்கினால், சக்கரத்தின் முன்விளிம்பு சற்றே உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும். இதனைப் பொறியாளர் 'டோ' என்பர். கால்விரல் என்பது அதன் பொருள்.

வளைவில் பாரம் வெளிப்புறச் சக்கரத்தின்மீதே மிகுதியாக விழும். அப்போது ஓட்டுநர் அஞ்சி, ஆக்ஸிலரேட்டரிலிருந்து திடீரெனக் காலை எடுத்தால், சாலை அச்சக்கரத்தைப் பின்னோக்கி இழுக்கும். சக்கரத்தைத் தாங்கும் கரத்தின் மூட்டிலுள்ள ரப்பர் நெகிழும். பழைய அமைப்புகள் பலவற்றில் சக்கரம் வெளிநோக்கித் திரும்பிவிடும். உடனே காரின் பின்புறம் வளைவுக்கு வெளியே வழுக்கும். கார் சுழன்றுவிடவும் கூடும்.

1977-இல் வெளிவந்த போர்ஷே 928 காரில் இதற்கு மாற்றுக் கண்டனர். கரத்தின் முன்மூட்டில் ஒரு சிறு இணைப்புத் தண்டை அமைத்தனர். பின்னோக்கி இழுக்கும் அதே விசை, இப்போது சக்கரத்தை உள்நோக்கித் திருப்பியது. கார் நிலைகுலையாமல் நின்றது. போர்ஷேயின் ஆய்வு நிலையம் உள்ள ஜெர்மானிய ஊரின் பெயரால் இது 'வைசாக் அச்சு' எனப்படுகிறது.

அஞ்சிக் காலை எடுப்பது மனித இயல்பு. அவ்வியல்புக்குத் தண்டனை அளியாமல், அதனையே காவலாக மாற்றியது இவ்வமைப்பு. பொறியியலின் அறம் இதுவே என்பேன்.